சொந்த வெப்சைட், குறைந்த செலவு: சேலத்திலிருந்து சில கேள்விகள்

ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை நெட்டில் வைக்க எடுக்கும் இடம், அதைப் பற்றி சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மொத்தமாக இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடை, கம்பெனி வெப்சைட்டெல்லாம் வேறு கதை. சொந்தமாக ஏதாவது எழுத, படம் போட, தன்னைப் பற்றி நாலு வரி வைக்க நினைக்கிறவர்களுக்குத்தான் இது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், தப்பான இடத்தில் எடுத்தாலும் குடி முழுகிவிடாது. டொமைன், அதாவது உங்கள் தளத்தின் பெயர், அது கைவிட்டுப் போனால்தான் தலைவலி.

மாதம் 69 ரூபாய்க்கு ஹோஸ்டிங் என்று விளம்பரம் வருகிறது சார். நம்பி எடுக்கலாமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

விளம்பரம் பொய் இல்லை, ஆனால் முழுசாகச் சொல்வதும் இல்லை. இந்த மாதிரி விலையெல்லாம் பெரும்பாலும் மூன்று, நான்கு வருடப் பணத்தை மொத்தமாக இன்றைக்கே கட்டினால்தான் கிடைக்கும். நான்கு வருடம் என்றே வைத்துக்கொள்வோம். 69 ரூபாய் வீதம் 48 மாதத்துக்கு 3,312 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 3,908 ரூபாய் உங்கள் அக்கவுண்டிலிருந்து போகும். இதுகூடப் பரவாயில்லை என்று தோன்றலாம். நீங்கள் பார்க்க வேண்டியது, பணம் கட்டும் பக்கத்தில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் புதுப்பிக்கும் விலையை. அது மாதம் 299 என்று இருந்தால், அப்புறம் வருடத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 4,234 ரூபாய். நான்கு வருடத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாக ஒரே வருடத்துக்குக் கொடுப்பீர்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். தினசரி பேக்கப், பாதுகாப்பு ஸ்கேன், கூகுளில் முன்னால் வர உதவி என்று சிலதை அவர்களே டிக் அடித்து வைத்திருப்பார்கள், அந்த டிக் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். தளம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் எச்சரிக்காமல் இருக்கத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் வந்த பிறகு அது இலவசமாகவே கிடைக்கிறது, சுமாரான ஹோஸ்டிங் கம்பெனிகூடத் தானாகப் போட்டுக் கொடுக்கிறது.

என் அபிப்பிராயம், முதல் தடவை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள். மாத விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், இருக்கட்டும். நாலு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஆறாவது மாதத்திலேயே எழுதுவதை நிறுத்தினவர்கள்தான் ஊரில் அதிகம்.

அன்லிமிடெட் என்று போட்டிருக்கிறார்களே, நிஜமாகவே அளவில்லையா?
– ஐந்து ரோடு வாசகர்

இல்லை. இடத்துக்கு அளவு சொல்லமாட்டார்கள், ஆனால் ஃபைல்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும், ஐநோட் என்பார்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு பிராசஸர், எவ்வளவு மெமரி என்பதற்கும் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தளம் திறக்காமல் 508 என்று ஒரு பிழைச் செய்தி வரும். சொந்தத் தளத்துக்கு ஒன்றிரண்டு ஜிபி இருந்தாலே தாராளம் என்பதால் இந்த வார்த்தையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. பறவைகள், காப்பிப் பூக்கும் பருவம், மிளகு பறிப்பு என்று படமும் குறிப்புமாகப் போட ஆசை. விற்பனை எதுவும் இல்லை. இதற்கும் காசு கட்ட வேண்டுமா? இங்கே மழை பிடித்துவிட்டால் சிக்னல் வேறு போய்விடும்.

உங்களுக்கு ஹோஸ்டிங்குக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. டொமைனுக்கு மட்டும் வருடா வருடம் கட்டினால் போதும், அதுவும் சொந்தப் பெயர் வேண்டுமென்றால்தான்.

இரண்டு வழி சொல்கிறேன். டெக்னிக்கல் வேலை எதுவும் வேண்டாம், எழுதினோமா போட்டோமா என்று இருக்க வேண்டும் என்றால் பிளாக்கர். பழசு, அழகும் சுமார்தான். ஆனால் 2003-லிருந்து கூகுள் கையில் இருக்கிறது, சொந்த டொமைனை இலவசமாக இணைத்துக்கொள்ளலாம், அதிகப் பேர் வந்துவிட்டார்கள் என்று தளம் படுக்காது. இரண்டாவது, வீட்டில் கல்லூரிப் பிள்ளை யாராவது உதவிக்கு இருந்தால், ஸ்டாட்டிக் தளம். டேட்டாபேஸ் (எழுதியதைச் சேமித்து வைக்கும் கிடங்கு) கிடையாது, லாகின் கிடையாது, வெறும் பக்கங்களும் படங்களும்தான். இப்படிப்பட்ட தளத்துக்கு இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் தளத்தின் மொத்த அளவு 1 ஜிபி வரை வைக்கலாம், மாதம் சுமார் 100 ஜிபி வரை பார்வையாளர்கள் இறக்கிப் பார்க்கலாம். கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலும் இலவசம் உண்டு, அங்கே ஒரு ஃபைல் 25 எம்பிக்கு மேல் போகக்கூடாது. ஒன்று கவனியுங்கள்: கிட்ஹப் பேஜஸில் ஆன்லைன் வியாபாரம் நடத்தக்கூடாது என்பது விதி. நாளைக்குக் காப்பித் தூளைத் தளத்திலேயே விற்கலாம் என்று தோன்றினால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

சிக்னல் விஷயத்துக்கு வருவோம், உங்கள் நிஜமான பிரச்சினை இதுதான். இப்போதைய போனில் எடுக்கும் படம் ஒன்று 4, 5 எம்பி வரும். அப்படியே ஏற்றினால் உங்களுக்கும் கஷ்டம், பார்க்கிறவருக்கும் கஷ்டம். ஏற்றும் முன் அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி என்ற வடிவத்தில் சேமியுங்கள். ஸ்குவூஷ் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, பிரவுசரிலேயே வேலை செய்யும். தரத்தை 75 பக்கம் வைத்தால் பெரும்பாலான படங்கள் 200, 300 கேபிக்குள் வந்துவிடும், பறவையின் இறகு வரி தெரிவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. படத்துக்கு 200 கேபி என்றால் அந்த 1 ஜிபிக்குள் 5,000 படம் போகும். ஸ்டாட்டிக் தளத்தில் கிட் என்ற கருவி மூலம் ஏற்றும்போது புதிதாகச் சேர்த்ததும் மாற்றியதும் மட்டும்தான் போகும். அதனால் எஸ்டேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு, சேலத்துக்கு இறங்கும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரிஜினல் படங்களை மட்டும் ஒரு ஹார்டு டிஸ்கில் தனியாக வைத்திருங்கள்.

மும்பை சர்வரா, சிங்கப்பூரா, அமெரிக்காவா?

வாசகர்கள் இந்தியாவில் என்றால் மும்பை. சிங்கப்பூரும் மோசமில்லை. அமெரிக்கா என்றால் ஒவ்வொரு தடவை கேட்டு வாங்கிவரவும் 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஒரு பக்கம் திறக்கப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதால் கண்ணுக்கே தெரியும். ஸ்டாட்டிக் தளம் வைத்தால் இந்தக் கேள்வியே இல்லை, கிட்ஹப், கிளவுட்ஃப்ளேர் போன்றவர்களே பல நாடுகளில் நகல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். பத்து வருடமாக வேர்டுபிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளில் எழுதியதை என் அண்ணன் மகன் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினான். இப்போது பழைய பதிவுகள் சிலவற்றில் எல்லாம் கேள்விக்குறி, சிலவற்றில் ஏதோ பிற மொழி எழுத்து. என் எழுத்து போய்விட்டதா தம்பி?
– அம்மாப்பேட்டை வாசகி

அம்மா, முதலில் பழைய ஹோஸ்டிங்கை மூடிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு நோய். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. டேட்டாபேஸ் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தப்பாக எடுத்துக்கொண்டால், மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டும். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, இதுவே திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. படிக்கும் விதம்தான் தப்பு, சரி செய்துவிடலாம். ஆனால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி மட்டும் வந்தால், மாற்றும்போது தமிழை வைக்க இடமில்லாமல் டேட்டாபேஸ் நிஜமாகவே கேள்விக்குறியை எழுதிவிட்டது. அந்த நகலிலிருந்து மீட்க முடியாது. பழைய சர்வரில் மூலம் இருக்கும்வரை கவலை இல்லை, அங்கிருந்து மறுபடியும் எடுக்க வேண்டும். அதனால்தான் மூட வேண்டாம் என்றேன்.

அண்ணன் மகனுக்கு: பழைய மைஎஸ்கியூஎல்லிலிருந்து ஏற்றுமதி செய்யும்போதும் புதியதில் இறக்கும்போதும் எழுத்துக்குறி முறையை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், வேர்டுபிரஸ் கான்ஃபிக் ஃபைலிலும் அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டேபிள் லத்தீன்1 (மேலே சொன்ன மேற்கு ஐரோப்பிய முறை) என்று சொல்லிக்கொண்டு உள்ளே யூடிஎஃப்-8 வைத்திருந்தால் லத்தீன்1 என்றே ஏற்றுமதி செய்து, அந்த ஃபைலின் தலைப்பிலும் டேபிள் வரையறைகளிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி இறக்க வேண்டும். முழுசாக மாற்றும் முன் ஒரே ஒரு பதிவை வைத்துச் சோதித்துப் பாருங்கள், 'ஸ்ரீ', 'கௌ', 'ணை' மூன்றும் ஒழுங்காக வந்தால் மீதியும் வரும்.

எந்த ஹோஸ்டிங் எடுத்தாலும், டேட்டாபேஸை முழுசாகத் தரவிறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வேர்டுபிரஸ் என்றால் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் (துணை மென்பொருள்) ஒன்று போட்டு வாரத்துக்கு ஒரு நகல் உங்கள் கூகுள் டிரைவுக்குப் போகிற மாதிரி வைத்தால் இன்னும் நிம்மதி.

நான் போட்டோகிராபர். வெப்சைட் செய்து கொடுத்தவர் இப்போது போனே எடுப்பதில்லை. டொமைன் அவர் எடுத்தது. பணம் கொடுத்தது நான்தானே அண்ணா?
– சூரமங்கலம் வாசகர்

பணம் யார் கொடுத்தார்கள் என்பது பிறகுதான், பட்டா யார் பேரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். டொமைன் யாருடைய கணக்கில், யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் பதிவு நிறுவனத்தின் கண்ணில் உரிமையாளர்.

ஹூஇஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். 2018-க்குப் பிறகு உரிமையாளர் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள், ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதி என்ற இரண்டும் தெரியும். அப்புறம் அவருக்கு சண்டை போடாமல் ஒரு மெசேஜ்: அதே நிறுவனத்தில் எனக்கும் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன், அதற்கு மாற்றிவிடுங்கள் என்று. கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவது அவருக்குச் சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் டொமைனுக்குப் போட்டிருக்கும் பூட்டை நீக்கிவிட்டு, மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு கொடுக்க வேண்டும், .காம் டொமைன் புதிதாகப் பதிவான முதல் 60 நாளில் அதுவும் நடக்காது. அவர் அசையவே இல்லை என்றால் பில், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். கிடைக்காமல் போகலாம் என்ற நினைப்போடு இன்னொரு பெயரையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தனித்தனி இடத்தில் எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். 'ஹோஸ்டிங்கோடு டொமைன் இலவசம்' என்பது முதல் வருடத்துக்கு மட்டும். ஹோஸ்டிங் கம்பெனியோடு மனத்தாங்கல் வந்தால் பெயரும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆட்டோ பே போட்டிருந்தேன், இருந்தும் டொமைன் காலாவதியாகிவிட்டது. எப்படி?
– கொண்டலாம்பட்டி வாசகர்

வெளிநாட்டு நிறுவனம், இந்திய டெபிட் கார்டு. சரிதானே? 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு முன்கூட்டியே பதிவு செய்த அனுமதி வேண்டும், எடுக்கும் முன் தகவலும் வர வேண்டும். அந்த முறையோடு இணையாத வெளிநாட்டு நிறுவனம் பணம் கேட்டால் வங்கி மறுத்துவிடும். நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கும், அது ஸ்பேமில் கிடக்கும்.

.காம் என்றால் உடனே போய்விடாது. காலாவதியான பிறகு சில வாரம் பழைய விலையிலேயே புதுப்பிக்கப் பல நிறுவனங்கள் விடுகின்றன. அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதற்கு அபராதம் பல மடங்கு. அதையும் விட்டால் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்ததும் லாகின் செய்து கட்டிவிடுங்கள். அடுத்த முறை யூபிஐ வாங்கும் இந்திய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் போன் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாக அலாரம்.

.இந்தியா என்று தமிழிலேயே டொமைன் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆசைக்கு. சில இடங்களில் ஒட்டும்போது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத ஆங்கில வரியாக மாறிவிடும், மெயில் முகவரியாகப் பல படிவங்கள் ஏற்காது. முக்கியப் பெயரை .இன் அல்லது .காமில் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்கள், ஒரே ஒரு கம்பெனி பெயர் சொன்னால் என்ன?
– செவ்வாப்பேட்டை வாசகர்

சொல்லலாம்தான். ஆனால் 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' என்று நெட்டில் கிடைக்கும் பட்டியல்களில் பல, லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் வரும் வகை. பட்டியலில் போட்டியாளர்கள் மாதிரி நிற்கும் புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. பெயரைவிட நடப்பைப் பாருங்கள். வேர்டுபிரஸ்தான் வேண்டும் என்றால் மும்பை சர்வர், ஒரு வருடத் திட்டம், சொந்தமாக எடுத்துக்கொள்ள பேக்கப் என்ற மூன்றும் உள்ள இரண்டு கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும் முன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரிடமும் சாட்டில் ஒரே கேள்வி கேளுங்கள்: 'அடுத்த வருடம் வரி சேர்த்து நான் எவ்வளவு கட்ட வேண்டும்?' நேராக ஒரு தொகை சொல்கிறவரிடம் எடுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பையே சர்வராக வைக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

கற்றுக்கொள்ள அருமையான வழி, கண்டிப்பாகச் செய்யுங்கள். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது, பலருக்குச் சேர்த்து ஒன்றுதான். அதனால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது, கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒன்றைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். ரெஸ்யூமேயில் கொடுக்கும் தளத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள். இன்டர்வியூ எடுப்பவர் லிங்கைத் தொடும் நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.