கேட்பவரை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்வதை விளக்க அறிஞர்கள் வகுத்த மாதிரிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் முதலாண்டு படிக்கிறேன். லாஸ்வெல், ஷானன், வீவர், ஷ்ராம், பெர்லோ, பார்ன்லண்ட் என்று முதல் பருவத்திலேயே மாதிரிகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் பெட்டிகளும் அம்புகளும்தான் இருக்கின்றன. எது சரியானது என்று கேட்டால், எல்லாமே தேவை என்கிறார் ஆசிரியர். இத்தனை மாதிரிகள் எதற்கு?
– மாணவி, திருவான்மியூர்

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் ஏன் எல்லாம் தேவை என்பதை வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். இந்த மாதிரிகள் ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கேள்விக்காகப் பிறந்தது. அந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்யும்போதுதான் பெட்டியும் அம்பும் மிஞ்சுகின்றன.

கிளாட் ஷானன் 1948-இல் தம் கட்டுரையை வெளியிட்டபோது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர். இரைச்சல் உள்ள ஒரு கம்பியின் வழியே எவ்வளவு செய்தியைப் பிழையின்றி அனுப்ப முடியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். செய்தியின் பொருள் என்ன என்பது தம் பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பில்லாதது என்று அவரே அக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு வாரன் வீவர் அதற்கு ஒரு விளக்கவுரை எழுதி, குறிகள் பிழையின்றிச் சேர்வது, அவை கருதிய பொருளைத் தருவது, அந்தப் பொருள் விரும்பிய விளைவை உண்டாக்குவது என்று சிக்கலை மூன்று தளங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்த மூன்றையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அதன் பிறகு பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. தொலைபேசிக்காக வரைந்த படம் மனிதர்களுக்கான படமாக மாறியது அப்படித்தான்.

ஹெரால்டு லாஸ்வெல் கேட்ட கேள்வி வேறு. முதல் உலகப் போர்க்காலப் பிரசாரத்தை ஆராய்ந்தவர் அவர். யார், என்ன, எந்த ஊடகம் வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948-இல் அவர் வகுத்த ஐந்து கூறுகளில் கடைசிக் கூறுதான் அவருடைய அக்கறை. வில்பர் ஷ்ராம் 1954-இல் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தனித்தனியே ஓர் அனுபவக் களம் உண்டு என்றும், இரண்டு களங்களும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அவ்வளவுக்கே பேச்சு விளங்கும் என்றும் சொன்னார். என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் பெரிய திருப்பம் அதுதான். 1960-இல் வந்த பெர்லோவின் மாதிரி இரு தரப்பாரின் திறன், மனப்பாங்கு, அறிவு, சமூகம், பண்பாடு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தது. ஆயினும் அதன் அம்பு ஒரே திசையில்தான் ஓடியது. 1970-இல் டீன் பார்ன்லண்ட், இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் சொல்பவராகவும் கேட்பவராகவும் இருக்கிறார்கள் என்று வாதிட்டார்.

நாளை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலுக்காக எழும்பூரில் நிற்கும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். நடைமேடை மாற்றத்தை அறிவிக்கும் குரல் ஒலிபெருக்கியின் கரகரப்பில் கரைந்துபோனால் அது ஷானனின் சிக்கல். அறிவிப்பு தெளிவாகவே கேட்டும், ஃபாஸ்ட் லோக்கல் தாம் இறங்க வேண்டிய நிலையத்தில் நிற்குமா என்பது ஊருக்குப் புதியவருக்குத் தெரியவில்லை என்றால் அது ஷ்ராமின் சிக்கல். அறிவிப்பு முடிவதற்குள்ளேயே நான்கு பேர் படிக்கட்டை நோக்கி ஓட, அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஓட, அந்த ஓட்டமே அறிவிப்பாகிவிட்டால் அங்கே பார்ன்லண்டின் துணை வேண்டும். ஒரே நடைமேடையில் மூன்று மாதிரிகளுக்கும் வேலை இருக்கிறது.

தேர்வுக்குப் படிக்கும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே மூன்று குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: அது எழுந்த ஆண்டு, அது விடை தேடிய கேள்வி, கேட்பவரை அது எங்கே வைக்கிறது என்பது. இந்த மூன்றாவது குறிப்பே முதன்மையானது என்று கருதுகிறேன்.

கேள்வி: அடையாற்றங்கரைப் பகுதியில் மழைக்காலத் தன்னார்வலராக இருக்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்படும்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், குறுஞ்செய்தியும் போகிறது. ஆனாலும் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. இதற்கு மேல் எப்படித்தான் சொல்வது?
– தன்னார்வலர், சைதாப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் ஆட்டோ, வாட்ஸ்அப், குறுஞ்செய்தி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. செய்தியை வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பவை. சேர்ப்பதில் குறையில்லை என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. அதன் பிறகும் வழிகளையே பெருக்கிக்கொண்டு போவது, சிக்கல் இல்லாத இடத்தில் உழைப்பைச் செலவிடுவதாகும்.

முதலில் செய்தியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகிறது என்பது நீர்வளத் துறைப் பொறியாளருக்கு முழுமையான செய்தி. அந்த எண்ணைக் கேட்டதும் ஆற்றின் எந்த வளைவில் எவ்வளவு நீர் ஏறும் என்பது அவர் மனத்தில் விரியும். ஆற்றோரம் குடியிருப்பவருக்கு அது வெறும் எண். ஆனால் 2015 டிசம்பரில் தம் வீட்டில் எந்தப் படிவரை, எந்தச் சன்னல்வரை நீர் ஏறியது என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஷ்ராம் சொன்ன பொதுக் களம் அங்கேதான் இருக்கிறது. கன அடியை அந்தப் படியாகவும் சன்னலாகவும் மாற்றிச் சொல்லும் வேலையைச் செய்ய ஒருவர் வேண்டும். அதைப் பொறியாளர்களைக் கேட்டு, தெருவாரியாக, மழைக்கு முன்பே நீங்கள் தயாரித்து வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கைகள் எல்லாமே யாரோ ஒருவரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது என்றே நம்மில் பெரும்பாலோர் செய்தித்தாளில் படித்துப் புரிந்துகொள்கிறோம். ஆனால் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தர அபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கடக்குமா, வலப்புறம் விட்டுக் கடக்குமா, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதுதான் அவற்றுக்குள் வேறுபாடு. கடுமையான புயலுக்கு 8, 9, 10 ஆகியவையும் அப்படியே. மாலுமிக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பது உயிர்ப்பிரச்சினை என்பதால் அவருக்காக அமைத்த குறியீடு அது. கரையில் இருக்கும் நாம் அதை அளவுகோலாகப் படிக்கிறோம். 11-ஆம் எண்ணோ, புயல் எச்சரிக்கை மையத்துடன் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பதைத் தெரிவிப்பது. செய்தி வராமல் போவதையும் ஒரு செய்தியாக முன்கூட்டியே வகுத்து வைத்த அந்த முன்யோசனை பாராட்டுக்குரியது. உங்கள் பகுதியில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் நின்றுபோனால் மக்கள் எதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

வானிலைத் துறையின் நிறங்களும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள் என்று பொருள். ரெட் அலர்ட் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி பள்ளிக்கு விடுமுறையா என்பதுதான்.

அடுத்தது, யார் சொல்கிறார் என்பது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1940 அதிபர் தேர்தலின்போது வாக்காளர்களிடம் ஆய்வு நடத்திய பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், வானொலியும் பத்திரிகையும் மக்களை நேரடியாக மாற்றிவிடும் என்ற எண்ணம் பொருந்தவில்லை என்று கண்டார்கள். செய்தி முதலில் தெருவிலும் பணியிடத்திலும் மதிப்புப் பெற்ற சிலரை அடைகிறது. மற்றவர்கள் அவர்கள் வாய்வழியாக அதை ஏற்கிறார்கள். இந்த இருபடி ஓட்டத்தை எலிஹு காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955-இல் விரிவாக எழுதினார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் நாளிதழை வாசிக்க நாலு பேர் கேட்டு, வாசித்தவரின் கருத்தையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோன நம் ஊருக்கு இது விளங்காத செய்தி அல்ல. உங்கள் தெருக்களில் அந்த மனிதர்கள் யார்? மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவியா, ரேஷன் கடை வரிசையில் எல்லோருக்கும் விவரம் சொல்லும் அக்காவா, கோயில் நிர்வாகியா? ஒலிபெருக்கிக்கு முன்பாக அவர்களைச் சந்தியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியேறாதவர்கள் செய்தியைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நன்றாகப் புரிந்துகொண்டுதான் பலர் தங்கிவிடுகிறார்கள். பூட்டிய வீட்டில் திருட்டு நடக்குமோ என்ற அச்சம், படுக்கையில் இருக்கும் மாமியார், முகாமாக மாற்றிய பள்ளியில் பெண்களுக்குப் போதுமான கழிப்பறை இல்லாத நிலை, சென்ற முறை எச்சரிக்கை வந்தும் நீர் வராத அனுபவம் ஆகியவை எல்லாம் அவர்கள் தரும் பதில்கள். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள உங்கள் ஏற்பாட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. மழை தொடங்கும் முன் ஒரு மாலை வீடு வீடாகச் சென்று, போகச் சொன்னால் உங்களுக்கு எது தடை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் சிலவற்றையாவது மாநகராட்சியின் உதவியோடு தீர்த்துவிட்டால், அடுத்த அறிவிப்புக்கு ஆட்கள் நகர்வார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பேத்தியின் பாடநூலைப் புரட்டினேன். அரிஸ்டாட்டிலில் தொடங்கி எல்லாம் மேலைநாட்டுப் பெயர்கள். இதைப் பற்றித் தமிழில் யாரும் சிந்திக்கவே இல்லையா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஐயா, தாங்கள் பல ஆண்டுகள் கற்பித்த தொல்காப்பியத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. செய்யுளியல் வகுக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். பேசுபவர், கேட்பவர், இடம், நேரம், விளைவு, உடலில் வெளிப்படும் உணர்வு, சொல்லாமல் விட்டது, இந்த இடத்தில் இந்தப் பேச்சு இவர் இவருக்குச் சொல்லத் தக்கது என்ற ஊகம் என எட்டும் அங்கே வந்துவிடுகின்றன. செய்யுளுக்காக வகுத்த இலக்கணம் அது. பொதுவான தொடர்பியல் கோட்பாடு என்று அதற்குப் பட்டம் சூட்டினால் அதன் உண்மையான பெருமையை மறைத்துவிடுவோம். ஆனால் கேட்பவரைச் செய்யுளின் உறுப்பாகவே எண்ணிய பார்வை அதில் இருக்கிறது. சொல்லப்படாதது, சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் மனத்தில் முடிவு பெறும் என்ற எண்ணம் எச்சத்தில் இருக்கிறது. ஷானனின் படத்தில் அனுப்பாத ஒன்று போய்ச் சேர வழியே கிடையாது.

அகப்பாடல்களில் யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று தெரிவிக்கும் துறைக்குறிப்புகள் இதைவிடவும் சிந்திக்க வைப்பவை. தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது என்று குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பல இடங்களில் வருகிறது. தோழி பேசுவது தலைவியிடம். அந்தப் பேச்சு போய்த் தைக்க வேண்டியது வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவனை. தன்னிடம் சொல்லப்படாததால் அவன் மறுமொழி சொல்ல முடியாது. காதில் விழுந்துவிட்டதால் கேட்கவில்லை என்றும் இருக்க முடியாது. களவை, அதாவது பிறர் அறியாத காதலை, நீட்டிக்காமல் மணந்துகொள் என்ற வற்புறுத்தல் இப்படி இடித்துரைக்காமலே அவனுக்குள் இறங்குகிறது. ஓர் அனுப்புநர், ஒரு பெறுநர், நடுவே ஓர் அம்பு என்ற படத்தில் இந்தத் தோழியை எங்கே நிறுத்துவது? மருமகள் காதில் விழட்டும் என்று பேரனைப் பார்த்துப் பேசும் சாடைப் பேச்சு இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. பேசப்படுபவரும் கேட்க வேண்டியவரும் வேறு வேறாக இருக்கும் இந்த நிலையை மேலை மாதிரிகளில் ஆரம்பகாலத்தவை வரையவே இல்லை. பேத்தியிடம் தாங்கள் ஒரு சிறைப்புறப் பாடலை விளக்கி, அதற்கு ஒரு படம் வரையச் சொல்லிப் பாருங்கள். அவள் பாடநூலுக்கு நல்ல துணைப்பாடமாக அமையும்.

கேள்வி: என் மகன் டொரன்டோவில் வேலை பார்க்கிறான். தினமும் பேசுகிறான். சாப்பிட்டாயா அம்மா, அங்கே மழையா, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. ஒரு விஷயமும் இல்லாத இந்தப் பேச்சால் என்ன பயன்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, விஷயம் இல்லாத பேச்சுக்கும் ஆய்வுலகில் இடம் உண்டு. செய்தியைத் தெரிவிக்க அல்லாமல் உறவைப் பேணுவதற்கென்றே மனிதர் பேசும் பேச்சை மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-இல் தனியே எடுத்துக்காட்டினார். மொழியின் ஆறு பணிகளில் ஒன்றாக, தொடர்பு அறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பணியை ரோமன் யாகப்சன் 1960-இல் சேர்த்தார். தொடர்பு என்பது செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவது மட்டும் அல்ல, ஒரு சடங்கைப் போலச் சேர்ந்து பங்குகொள்வதும்தான் என்று 1975-இல் ஜேம்ஸ் கேரி எழுதினார். உங்கள் மகனின் அழைப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு அவன் எதிர்பார்ப்பது உணவுப் பட்டியலை அல்ல.

அதே சமயம், அதற்கு மேலும் பேச வேண்டும் என்ற உங்கள் ஏக்கம் நியாயமானது. அவன் கேட்பதற்குக் காத்திராமல், ஆம், இல்லை என்று முடியாத ஒரு கேள்வியை நீங்களே கேளுங்கள். அவன் வேலையில் இன்று எது கடினமாக இருந்தது, சமைக்கத் தொடங்கியபோது எது சரியாக வரவில்லை என்பது போன்றவை உதவும். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசுவதைவிட, இருவரும் அவரவர் சமையலறையில் வேலை செய்தபடி பேசும்போது பேச்சு தானாக நீள்வதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். அங்கே பகலா இரவா என்று பார்த்து, அவன் சமைக்கும் நேரத்துக்கு அழைப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவனிடமே கேளுங்கள்.