சூடான் தங்கச் சுரங்கத்தில் டம்பர் மெக்கானிக் வேலை. சண்டை நடக்கும்போது அப்ளை பண்ணலாமா?

ஐடிஐ டீசல் மெக்கானிக், வயது 26, சம்பளம் இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு என்று கேள்வியில் எழுதியிருக்கிறாய் தம்பி. இதே வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கம். அப்பா சிகர்குண்டா தங்க மைன்ஸில் ஃபிட்டர், 2001இல் கோலார் தங்கவயலோடு சேர்த்து அதையும் மூடிவிட்டார்கள். அதனால் மைன்ஸ் வேலை என்றதும் வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

2023 ஏப்ரல் 15ஆம் தேதி தலைநகர் கார்ட்டூமில் சண்டை ஆரம்பித்தபோது எங்கள் சுரங்கம் நிற்கவில்லை. ராணுவம், எதிர்த் தரப்பு இரண்டுக்குமே தங்கம்தான் காசு, அதனால் போர் வந்தால் சுரங்கத்தை மூடுவார்கள் என்று நினைக்காதே, ஆள் ஓடிப்போன இடத்துக்குத்தான் உன்னை மாதிரி கைவேலை தெரிந்தவனைத் தேடுகிறார்கள். எங்களை முடக்கியது டீசல். டம்பருக்கே டீசல் இல்லாதபோது எங்களை ஏற்றிப்போக பஸ்ஸுக்கு எங்கே போவது? அப்புறம் பாஸ்போர்ட். விசா புதுப்பிக்க என்று கம்பெனி வாங்கி கார்ட்டூம் ஆபீஸில் வைத்திருந்தது, அந்தத் தெருவிலேயே துப்பாக்கிச் சத்தம். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்ப மட்டும் தரும் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட்டோடு போர்ட் சூடானில் கப்பல் ஏறி, ஜெட்டா போய், பெங்களூரு வந்து இறங்கினேன். பாலாற்றில் தண்ணீரே பார்க்காத எங்களை இந்திய அரசு மீட்ட நடவடிக்கைக்குப் பெயர் காவேரி!

சம்பளத்தை அப்புறம் பேசு. சைட்டுக்கும் துறைமுகத்துக்கும் எத்தனை கிலோமீட்டர், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், கிளம்ப வேண்டி வந்தால் டிக்கெட் யார் செலவு, இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல். மழுப்பினால் விட்டுவிடு.

இன்னொன்று, பத்தாவது பாஸ் ஆனவனுக்கு சூடான் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசாங்கம் தரும் அனுமதி, தேவையில்லை. வசதிதான், ஆனால் நீ போனதே அரசாங்கக் கணக்கில் வராது. என் பெயரும் அப்படித்தான் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்தது. போனதும் தூதரகத்தில் நீயே பதிவு செய்துகொள்.

ஏஜென்ட் லைசென்ஸை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். என்னிடம் ஒன்றரை லட்சம் வாங்கினார்கள், ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள்.