தீராத நோயில் இருப்பவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குக் கடவுள் நம்பிக்கை உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் முக்கியம். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை இரண்டு வகையாகப் பார்த்தார். "இந்தச் சுமையில் நான் தனியாக இல்லை" என்று நினைப்பவருக்கு மனம் கொஞ்சம் தாங்கும். "என்ன பாவம் செய்தோமோ, இந்தத் தண்டனை" என்று உழல்பவருக்கு அதே நம்பிக்கை பாரமாகிவிடும். மனச்சோர்வு அதிகம் சேர்ந்து வருவது இந்த இரண்டாவது வகையோடுதான்.

நள்ளிரவில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பை மாற்றி, அடுத்த மருந்துக்கு அலாரம் வைத்துவிட்டு உட்காரும்போது பிரார்த்தனை வராது, கோபம்தான் வரும். கடவுள் மேலேயே வரும். நம்பிக்கை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வழக்கமான வழிபாட்டுக்குப் போக முடியவில்லையே என்ற குற்ற உணர்வு வேறு. (உறவினர்கள் "நன்றாக வேண்டிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவதற்குப் பதில், ஒரு மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்தால் புண்ணியமாகப் போகும்.)

சரி, கடவுளை நம்பாதவர்களுக்கு? "ஏன் இவருக்கு?" என்ற கேள்வி அவர்களையும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலிதணிப்புச் சிகிச்சையை (கடும் நோயில் வலியையும் மற்றத் துன்பங்களையும் குறைக்கும் பராமரிப்பு) வரையறுத்தபோது, இப்படிப்பட்ட ஆன்மிகத் துயரையும் குடும்பத்தாரின் நலனையும் அதில் சேர்த்தது. அதனால் அந்தச் சிகிச்சைக் குழுவிடம் உங்களைப் பற்றியும் தயங்காமல் பேசலாம். அப்புறம், அற்புதம் நடக்கும் என்று நம்பி வலிமருந்தை நிறுத்தத் தோன்றினால், முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.