ஸ்விஃப்ட் டீசலுக்கு அப்புறம் எது?

வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

கேள்வி (ஈரோடு வாசகர்): வணக்கம் சார். 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. பெருந்துறை சிப்காட்டில் வேலை. போய்வர தினமும் 40 கிலோமீட்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பண்ணாரி தாண்டி திம்பம் ஏறி, ஆசனூரில் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். கல்லூரி நாளிலிருந்தே ஒரு நல்ல பெர்ஃபாமன்ஸ் கார் வேண்டும் என்று ஆசை. புதிதாக வாங்க வசதியில்லை. ஸ்விஃப்ட்டை விற்றுவிட்டு, சேமிப்பையும் சேர்த்தால் 7 லட்சம் வரும். போலோ டிஎஸ்ஐ, அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி நான்கையும் யோசித்து வைத்திருக்கிறேன். எனக்கு 36 வயது. மனைவி, ஆறு வயது மகள். "ஓடுற வண்டியை எதுக்கு மாத்தணும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 ஸ்பீடு மேனுவல். 2020க்கும் 2022க்கும் இடையில் வந்தது, ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்கும் வரை ஸ்விஃப்ட்டை விற்காதீர்கள். பழைய கார் வாங்குவதில் நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் இருக்கிற வண்டியை முதலில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் போக முடியாமல் அவசரத்தில் எதையோ வாங்கியவர்கள்.

இனி காரணம். உங்கள் ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். 75 பிஎஸ் பவர், 190 என்எம் டார்க் (இழுவிசை). திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். வளைவில் இரண்டாவது கியரில் திரும்பும்போது 1,800 ஆர்பிஎம்முக்குக் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கீழே வண்டி தூங்கும். 2,000 தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலக் கிளம்பும். பிறகு 4,500க்குள் மூச்சு நின்றுவிடும். பன்னிரண்டு வருடமாக உங்கள் வலது கால் பழகியிருப்பது அந்தத் தள்ளலுக்குத்தான். அதைத் தருவது டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அது இல்லாத சாதாரண பெட்ரோல் காருக்கு மாறினால், பவர் கூடுதலாகவே இருந்தாலும், "என்ன இது, இழுக்கவே மாட்டேங்குதே" என்று முதல் வாரமே தோன்றும். அதனால் டர்போ பெட்ரோல்தான் உங்களுக்குச் சரி. நீங்கள் குறித்த நான்குமே டர்போ. அந்த மட்டில் நீங்கள் நன்றாக யோசித்திருக்கிறீர்கள்.

போலோ 1.0 டிஎஸ்ஐயில் 110 பிஎஸ், 175 என்எம். காகிதத்தில் டார்க் உங்கள் டீசலை விடக் குறைவு. ஆனால் அந்த 175, 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. 4,000 வரை அப்படியே நிற்கிறது. அதற்கு மேலும் இன்ஜின் சுற்றிக்கொண்டே போகும். டீசலில் மூன்றாவது கியருக்கு மாற்றுகிற இடத்தில், இதில் இரண்டாவதிலேயே அடுத்த வளைவு வரை போய்விடலாம். ஒரு வாடிக்கையாளரின் வண்டியை வால்பாறை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உள்ளே நுழைவதும், பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஆடாமல் உட்காருவதும் இன்னும் என் கையில் இருக்கிறது. குறை? பின் சீட்டில் இடம் குறைவு. மகளுக்குப் பிரச்சினையில்லை, பெரியவர்கள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து கோயம்புத்தூர் வரை வந்தால் கொஞ்சம் கஷ்டப்படுவார்கள்.

அபார்த் புன்டோ பற்றிப் பேசாமல் நகர எனக்கு மனசு வரவில்லை. 2015 அக்டோபரில் 9.95 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது. 1.4 டி-ஜெட், 145 பிஎஸ், 212 என்எம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்த விலையில் அவ்வளவு பவர் அதுவரை நம் ஊர் ஹேட்ச்பேக் எதிலும் வந்ததில்லை. ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்பதால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் தெரியும். உங்கள் நான்கு வண்டிகளில் மனசைத் தொடுவது இதுதான். ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், அபார்த்துக்கே உரிய பாகங்கள் என்றால் தேடவேண்டும், காத்திருக்கவேண்டும். தினமும் பெருந்துறைக்குப் போகவேண்டிய ஒரே வண்டியாக அதை வைக்காதீர்கள். வீட்டில் ஸ்விஃப்ட்டும் இருந்து, இது இரண்டாவது வண்டியாக வரும் என்றால், இன்றே போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

டியாகோ ஜேடிபி எங்கள் ஊர்க்காரரின் கைவண்ணம். டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்தது. 1.2 டர்போ, 114 பிஎஸ், 150 என்எம். நம் பக்கத்துப் பட்டறையில் தட்டிச் சரிசெய்த வண்டி ஷோரூமில் நின்றபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. இன்ஜின் நெக்ஸான் குடும்பம் என்பதால் அடிப்படைப் பாகங்களுக்குப் பயமில்லை. காற்றுத் துவாரம் வைத்த பானெட், பம்பர் மாதிரி அதற்கென்றே செய்தவைதான் சிரமம். விற்ற எண்ணிக்கை குறைவு. நல்லது ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். பட்டால் போலோவை விடக் குறைந்த விலைக்கு வரும். வாங்கலாம்.

பலேனோ ஆர்எஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 102 பிஎஸ், 150 என்எம், 950 கிலோ எடை, எங்கும் சர்வீஸ். நால்வரில் அமைதியான பிள்ளை. வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். திம்பத்தில் உங்களுக்கு மட்டும் கொஞ்சம் குறை தெரியும்.

செலவுக் கணக்கு பார்ப்போம். மாதம் 1,100 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஸ்விஃப்ட் லிட்டருக்கு 18 கொடுத்தால் 61 லிட்டர் டீசல், 92 ரூபாய் வீதம் 5,600. போலோ 14 கொடுத்தால் 79 லிட்டர் பெட்ரோல், 101 ரூபாய் வீதம் 8,000. மாதம் 2,400 ரூபாய் கூடும். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்தக் கணக்கை மனைவியிடம் மறைக்காமல் காட்டிவிடுங்கள். அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்கு "என் ஆசை இது, மாதம் இவ்வளவு கூடும்" என்று நேராகச் சொல்வதுதான் மரியாதை.

7 லட்சத்தையும் வண்டிக்கே கொடுக்காதீர்கள். 6 லட்சத்துக்கு வண்டி, ஒரு லட்சம் கையில். வாங்கிய மாதமே எல்லா ஆயிலும் மாற்றவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3119 என்றால் 2019ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். அவ்வளவு பழசு என்றால், பட்டன் (டயரின் மேல்வரிகள்) எவ்வளவு இருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். 110 பிஎஸ் வண்டிக்குக் கல்லாகிப் போன ரப்பர் ஆகாது.

இனி, போய்ப் பார்க்கும்போது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2018இல் எனக்கென்று ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். என்ன வண்டி, யார் விற்றது என்பது வேண்டாம். நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசியும் போட்டிருந்தார். வெயிலில் வந்தவனுக்கு அது உபசாரமாகப் பட்டது. ஒரு சுற்று ஓட்டினேன், அருமையாக இழுத்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மார்கழிக் காலை ஐந்தரை மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். பின்னால் வாசல் கோலம் மறைகிற அளவுக்கு நீலப் புகை. டர்போவின் சீல் போய், ஆயில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சூடான இன்ஜினில் அது தெரியவே இல்லை. சரிசெய்ய 80,000 ரூபாய் ஆனது. முப்பது வருடம் பானெட்டுக்குள் கைவிட்ட எனக்கே இது நடந்தது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே காலையில் போங்கள். முந்தின நாளே போன் செய்து, "நான் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். வெள்ளையாக லேசான ஆவி வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலம் வந்தால் வேண்டாம்.

ஓட்டும்போது நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெர்ஃபாமன்ஸ் கார்களில் இது சகஜம், ஏனென்றால் பலர் ரீமேப் செய்து (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி) ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். கம்பெனி கிளாம்புக்குப் பதிலாக வேறு கிளாம்பு போட்ட ஏர் ஹோஸ், புதிதாக வெல்டு செய்த சைலன்சர் பைப் கண்ணில் பட்டால் நேராகவே கேளுங்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பழைய எரர் கோடுகளை நேற்றுதான் அழித்திருந்தால், வண்டியின் சுயசோதனைகள் "இன்னும் முடியவில்லை" என்றே ஸ்கேனரில் காட்டும். அப்படிக் காட்டினால், விற்பவர் எதையோ மூடப் பார்க்கிறாரோ என்று சந்தேகப்படுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 கையெழுத்து, லோன் இருந்திருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்க ஃபார்ம் 35, பேங்க் என்ஓசி (தடையில்லாச் சான்று). நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரு வண்டி விலை குறைவாகத் தெரியும். என்ஓசி வாங்கி, இங்கே ரோடு டாக்ஸ் கட்டி முடித்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: ஸ்விஃப்ட்டில் நீங்கள் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. விற்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்கான சான்றிதழ் வாங்கி, புது வண்டியின் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் எட்டியிருந்தால் பிரீமியத்தில் நல்ல தொகை மிச்சமாகும். ஸ்விஃப்ட்டின் ஃபாஸ்டேக்கை மூடிவிட்டு, ஆர்சி வாங்குபவர் பெயருக்கு மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே மறந்துவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): கார் மாற்றுவதற்குப் பதில், என் டீசல் ஸ்விஃப்ட்டையே ரீமேப் செய்தால் என்ன?

பதில்: 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் யோசிக்கலாம். ஒன்றரை லட்சம் ஓடியது என்றால் வேண்டாம். கூடுதல் டார்க் முதலில் போய் விழுவது பழைய கிளட்ச் மேல். அதை மாற்றினால் அடுத்து டர்போ. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். அந்தப் பணத்தில் நல்ல டயரும், நான்கு புது ஷாக் அப்சார்பரும் போடுங்கள். வளைவில் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி (மதுரை வாசகர்): 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் நல்ல விலைக்கு வருகிறது. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 1.2 இன்ஜின், 105 பிஎஸ், ஓட்ட மிக இனிமையான வண்டி. டிஎஸ்ஜி என்பது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அந்த 7 ஸ்பீடு டிஎஸ்ஜியில் இருப்பது ஆயிலில் நனையாத டிரை கிளட்ச். நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்துகொண்டே போனால் அது சூடாகும், தேயும். கூடவே கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டியும் போனால் பில் லட்சத்தைத் தொடும். அதனால் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பக்கம் எடுத்துப் போய், அரை மணி நேரம் நெரிசலில் விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் தயங்குகிறதா, மீட்டரில் கியர் எழுத்து மின்னுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எதுவுமே இல்லை, கியர்பாக்ஸ் வேலை ஏற்கெனவே செய்த பில்லும் இருக்கிறது என்றால், எனக்கு எழுதுங்கள்; விலை பேசுவதற்கு முன் ஒரு தடவை சேர்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.