5 மணிக்கு அலுவலகம் முடிந்தும் ஏன் இவ்வளவு அசதி?

தங்கை, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை பார்த்தவர் நீங்கள். குடும்பத்தோடு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கும் வேலை, மூன்று வயதுப் பையன் கீட்டாவுக்கு (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) போகிறான். "இங்கே வேலைக்கும் வாழ்க்கைக்கும் நல்ல சமநிலை என்று எல்லோரும் சொன்னார்கள். 5 மணிக்கு வேலை முடிகிறது, ராத்திரியில் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் சென்னையைவிட அதிகமாகக் களைத்துப்போகிறேன். குறை என்னிடமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை உங்களிடம் இல்லவே இல்லை. கணக்குப் போடும் விதத்தில்தான் கோளாறு. அலுவலகம் ஒன்று, மிச்சமெல்லாம் வாழ்க்கை என்று நாம் இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். அந்த மிச்சத்தில் முக்கால்வாசி சமையல், துணி, பிள்ளை, கடை, கடிதம், படிவம். எல்லாம் சம்பளமில்லாத வேலை. இங்கே வந்த பிறகு அலுவலக வேலை குறைந்திருக்கலாம், இந்த இரண்டாவது வேலை பல மடங்கு கூடியிருக்கிறது.

சென்னையில் அதைச் செய்தது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அம்மாவோ மாமியாரோ பையனுக்கு ஊட்டினார்கள். பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வந்தார். முக்குக் கடையில் இஸ்திரி போட்டுத் தந்தார்கள், பள்ளி வேன் அண்ணன் வாசலில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டார், மாவு பாக்கெட்டில் வந்தது. நாம் ராத்திரி 9 மணிவரை அலுவலகத்தில் உட்கார முடிந்ததே இவர்களால்தான். அந்தப் பாத்திரம் தேய்க்கும் அக்கா நம் வீட்டை முடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு உலை வைக்கப் போவார். அவருடைய சமநிலையைப் பற்றி நம்மில் யாரும் கேட்டதில்லை. இங்கே வந்த பிறகாவது அதை நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆழமாகத் தோன்றுகிறது.

இங்கே அந்த ஆறேழு பேரின் வேலையும் உங்கள் இரண்டு பேர் தலையில். கீட்டாவிலிருந்து காலை 11 மணிக்குப் போன் வரும்: பிள்ளைக்கு 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள். யாரை அனுப்புவது? உங்களில் ஒருவர்தான் போக வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று அவர்களே சில நாள் சீக்கிரம் மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டு, இட்லி மாவு புளிக்க வேண்டுமானால் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்கே உரிய கேர்வோகே, அதாவது வீட்டுக்கு வீடு மாறிவரும் துப்புரவு முறை. கதவுப் பிடியில் அதற்கான அட்டை தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது உங்கள் முறை. துடைத்துவிட்டு அட்டையைப் பக்கத்து வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடை கிடையாது, பல வீடுகளில் துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓடவிட முடியாது. இதையெல்லாம் ஒருவரே சுமந்தால் யாருக்கும் அசதி வரத்தான் செய்யும்.

அதற்காக இந்த ஊர் கொடுப்பது சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 மணிக்கு உங்கள் மேலாளர் கிளம்புவதற்கு அவருடைய நல்ல குணம் மட்டும் காரணமில்லை. 1956 மே தினத்துக்கு ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அதில் ஒரு சிறுவன், "சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்" என்கிறான். அப்போது இங்கே வாரத்தில் ஆறு நாள் வேலை சாதாரணம். 1984இல் 35 மணி நேர வாரம் கேட்டு உலோகத் தொழிலாளர்கள் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அதன் முக்கியக் களங்களில் ஒன்று நீங்கள் குடியிருக்கும் இதே வட்டாரம். முதலில் 38.5 மணி நேரம்தான் கிடைத்தது. 35 மணி நேரம் வர 1995 ஆனது. ஞாயிறு ஓய்வு 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டு, 1949இல் இன்றைய அரசியலமைப்புக்குள் அப்படியே கொண்டுவரப்பட்டது. ஆக, நீங்கள் அனுபவிக்கும் மாலை நேரம் போராடி வாங்கிய சொத்து. அதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் பலர் எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் வருத்தம். சென்னைக் குழுவுக்கு வசதி என்று காலை 7 மணிக்கு ஒரு அழைப்பு, இங்குள்ளவர்களுக்கு வசதி என்று மாலையில் இன்னொன்று. சட்டப்படி ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மடிக்கணினியை மூடினால் காலை 9 மணிக்கு முன்னால் அதைத் திறக்கக் கூடாது. காய்ச்சலோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதையும் விடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் ஆறு வாரம்வரை நிறுவனமே முழுச் சம்பளம் தரும். விடுமுறையில் இருக்கும்போது படுத்துவிட்டாலும், மருத்துவர் சான்று இருந்தால் அந்த நாட்கள் விடுப்பில் கழியாது. பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளை நோயில் படுத்தால் பார்த்துக்கொள்ளவும் விடுப்பு உண்டு: 2024 முதல் ஆண்டுக்குப் பிள்ளை ஒன்றுக்குத் தாய்க்கு 15 நாள், தகப்பனுக்கு 15 நாள். சம்பள இழப்பில் பெரும்பகுதியைக் காப்பீடு ஈடு செய்யும்.

தகப்பனுக்கு 15 நாள் என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் கேள்வியில் கணவர் வேலைக்குப் போகிறார் என்று மட்டும்தான் இருக்கிறது. கீட்டா போனை யார் எடுக்கிறார்கள், அட்டை தொங்கும் வாரத்தில் படிக்கட்டை யார் துடைக்கிறார்கள், நாளைய சாப்பாட்டு டப்பாவைப் பற்றி ராத்திரி யார் யோசிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால், பேச வேண்டியது நிறுவனத்தோடு இல்லை, வீட்டில். உதவி கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் கை கொடுப்பவராக இருப்பார். கீட்டா சம்பந்தப்பட்டது முழுக்க அவருடையது, போன் உட்பட, என்று பிரித்துக் கொடுங்கள். காப்பகத்தில் முதல் தொடர்பு எண்ணாக அவருடைய எண்ணை எழுதிக் கொடுத்து வாருங்கள்.

இந்த விஷயத்தில் ஜெர்மனியும் முன்மாதிரி இல்லை. இங்கே வேலைக்குப் போகும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பகுதி நேரம்தான். ஆண்களில் அது மிகக் குறைவு. சமநிலை என்று வெளியிலிருந்து பார்க்க அழகாகத் தெரிவதற்குப் பல வீடுகளில் மனைவி பாதிச் சம்பளத்துக்கு இறங்கியிருக்கிறார். வயதான காலத்தில் அவருடைய ஓய்வூதியமும் அந்த அளவுக்குச் சுருங்கும். அந்த வழியில் சத்தமில்லாமல் போய்விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசதிக்குப் பாதிக் காரணம் வேலை, மீதி தனிமை. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களில் பலர் உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் கஷ்டப்பட்டுத்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். 5 மணிக்கு முடிகிற வேலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊர் ஊராக வார இறுதியில் தமிழாலயங்கள் என்ற தமிழ்ப் பள்ளிகளை நடத்திப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், ஹாம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயிலே கட்டினார்கள். ஒருவர் வேலைக்குப் போனால் இன்னொருவர் அவருடைய பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஓய்வு நேரம் நம்மைவிடக் குறைவு, ஆட்கள் அதிகம். வாரத்தில் ஒரு மாலையையாவது மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். அதே படிக்கட்டில் குடியிருக்கும் குடும்பமோ, விளையாட்டுச் சங்கமோ, தமிழ்ப் பள்ளியோ, எதுவானாலும் சரி. அவசரத்துக்குப் பையனை ஒரு மணி நேரம் விட ஒரு வீடு கிடைத்துவிட்டால் உங்கள் வாரமே மாறிவிடும்.

கடைசியாக, நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், நீங்கள் மட்டும் 50 சதவீதத்துக்கு இறங்காமல் இருவரும் 80 சதவீதம் என்று யோசியுங்கள். 2019 முதல், 45 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆறு மாதம் முடித்தவர்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுவரை பகுதி நேரம் போய்விட்டுத் திரும்ப முழு நேரத்துக்கு வரும் உரிமை உண்டு. மூன்று மாதம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் நீல அட்டையில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) இருந்தால் சம்பளம் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, நிறுவனத்தில் ஊழியர் மன்றம் (ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள்) இருந்தால் அவர்களிடமும் காட்டிவிட்டு அப்புறம் கடிதத்தைக் கொடுங்கள். கணவருடைய நிறுவனம் எத்தனை பேர் கொண்டது, அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று எழுதுங்கள், அவர் பக்கக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.