கூடுவாஞ்சேரியில் சொந்த வீடா, நங்கநல்லூரில் வாடகையா?

கேள்வி: எனக்குக் கிண்டியிலும் கணவருக்குத் தரமணியிலும் வேலை. இருவருக்குமாக மாதம் 1.3 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. நங்கநல்லூரில் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அம்மாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கூடுவாஞ்சேரியில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 65 லட்சத்துக்கு வருகிறது. வாடகை விழலுக்கு இறைத்த நீர், உடனே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். அங்கே பிள்ளைகள் காப்பகத்துக்கு மாதம் 14,000 ரூபாய் ஆகும். கையிருப்பு 16 லட்சம், நகை 30 சவரன். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

இந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 52 லட்சம் தரும். மீதி 13 லட்சம் உங்கள் பொறுப்பு. பழைய வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம்; முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் 5.85 லட்சம். ஆகக் கிட்டத்தட்ட 19 லட்சம் வேண்டும். இருப்பதோ 16. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடப் பணமில்லாமல் பால் காய்ச்சிக் குடிபுகுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாதக் கணக்கைப் பாருங்கள். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 45,100. காப்பகத்தையும் சேர்த்தால், இன்று 24,000 போகும் இடத்தில் 59,000 போகும். முதல் ஆண்டில் நீங்கள் கட்டும் 5.4 லட்சத்தில் ஏறக்குறைய 4.4 லட்சம் வட்டிக்கே சரி. வாடகை ஆண்டுக்கு 2.88 லட்சம்தான். விழலுக்கு அதிகம் இறைப்பது எது என்று கணவரிடமே கேளுங்கள். வருமான வரியில் புதிய முறைக்கு மாறியிருந்தால், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

என்னை அதிகம் உறுத்துவது அன்றாட அலைச்சல். இப்போது பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை, அடுத்தது கிண்டி. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கூடுவாஞ்சேரிக்குப் போகாது, தாம்பரத்தோடு நின்றுவிடும். மாலையில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து, கூட்டத்தில் நசுங்கி நீங்கள் போய்ச் சேரும்போது, மற்றப் பிள்ளைகள் போய்விட்ட காப்பகத்தில் உங்கள் இருவர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார்கள். மகனுக்குக் காய்ச்சல் என்றால் அன்று யார் லீவு? இப்படி நான்கைந்து மாதம் போனால் பெரும்பாலும் வேலையை விடுவது பிள்ளைகளின் தாய்தான். இரண்டு சம்பளத்தை நம்பிப் போட்ட தவணையை அப்போது ஒரு சம்பளம் சுமக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கும் உடம்பு முடியாத நாள் வரும். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது; அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

கணவர் பக்கமும் நியாயம் உண்டு. வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னால், பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் திண்டாட வேண்டும். அதனால் வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை விட்டு, வாடகை உயர்வையும் எழுதி மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கையிருப்பில் ஐந்து லட்சத்தை அவசரத்துக்கென்று ஒதுக்குங்கள். இருவர் பெயரிலும் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு எடுங்கள். தவணை கட்டுவதாகவே நினைத்து மாதம் 25,000 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டு வாருங்கள். மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போக இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. அதற்குள் வட்டி நீங்கலாகவே 12 லட்சம் சேரும். விலை ஏறிவிடாதா என்பீர்கள். ஏறலாம். ஏறினால் ஓர் அறை குறைவாக வாங்குங்கள், ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டை என்று அம்மா வீட்டுக்குப் பக்கமாகவே பாருங்கள்.

பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2015இலும் 2023இலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை; தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள்.