மைக் வாங்குவதற்கு முன்னால்: குரல் பதிவுத் தொழில் கேள்வி-பதில்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே குரல் கொடுத்துப் பிழைப்பவர்கள் நாளுக்கு நாள் கூடுகிறார்கள். அவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, கையில் 40 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. எந்த மைக் வாங்கலாம்? வீடு மெயின் ரோட்டுப் பக்கம். (திருமங்கலம் வாசகி)

மைக்கை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் உங்கள் அறை எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு 'ணங்' என்று ஒரு வால் நீண்டால், எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் அந்த வாலையும் சேர்த்தே பதிவு செய்யும். நம் ஊர் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, இரும்பு பீரோ என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை.

முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது பேச்சொலியை உறிஞ்சாது, வெறும் அலங்காரம்தான். கனமான, பஞ்சடைத்த பொருள்தான் வேலை செய்யும். எனக்குக் கைகொடுத்தது இலவம்பஞ்சு மெத்தை. போடி, வருசநாட்டுப் பக்கத்துப் பஞ்சு மதுரையில் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு ஒற்றை மெத்தைகளை எனக்குப் பின்னாலும் வலப்புறமும் நிறுத்தி, இடப்புறம் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, தலைக்கு மேல் ஒரு ஜமுக்காளத்தைக் கட்டினேன். முதல் நாள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தபோது, ஜன்னல் சன்ஷேடில் புறா நகம் கீறுவதும், பக்கத்து வீட்டு கிரைண்டர் சுற்றுவதும் தெளிவாகக் கேட்டன. அதுவரை அவை பதிவில் விழுந்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. ஒன்றை மறக்காதீர்கள்: மெத்தை எதிரொலியைத்தான் அடக்கும், ரோட்டுச் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு வீட்டிலேயே ரோட்டைப் பார்க்காத பின்பக்க அறையைப் பிடியுங்கள்.

பிறகு ஒரு சோதனை. வழக்கமான குரலில் வாசிக்கும்போது மீட்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) வைத்துவிட்டு, ஃபேனை அணைத்து, பத்து நொடி சும்மா இருந்து பதியுங்கள். அந்த அமைதி மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் உங்கள் அறை தயார். ஏசிஎக்ஸ் என்னும் ஆடியோபுக் தளம் கேட்கும் அளவும் அதுதான்.

அறை அமைதியானால், நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்குங்கள். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரோட்டுச் சத்தத்துக்கு வழியே இல்லை என்றால் டைனமிக் மைக் நல்லது, நெருங்கிப் பேசும் குரலைத்தான் அது பிடிக்கும். உங்கள் 40 ஆயிரத்தில் பாதிக்கு மேல் மைக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யவும் எடிட் செய்யவும் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா? (சிம்மக்கல் வாசகர்)

வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், குரல் வேலைக்குத் தாராளமாகப் போதும். வேலை பெருகியபின் ரீப்பர் என்ற மென்பொருளைப் பழகலாம். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். வீடியோ வேலைக்குப் பதிவு அமைப்பு இப்படி இருக்கட்டும்: 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் கோப்பு. பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவோடு போடுங்கள். கூடினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

சித்திரைத் திருவிழா வந்தால் தெருவெல்லாம் ரேடியோ செட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்டும் போகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (தல்லாகுளம் வாசகி)

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் நான் வேலையே ஒப்புக்கொள்வதில்லை. வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மற்ற நாட்களில் விடிகாலை நாலரை முதல் ஆறு மணி வரை. கரண்ட் இல்லாதபோது லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள், பக்கத்து ஃபேன்களும் மோட்டார்களும் நின்றிருக்கும். சில வீடுகளில் கரண்ட் வழியே நுழையும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அப்போது போய்விடும்.

ஜவுளிக்கடை ஆட்டோ விளம்பரம் முதல் கார்ப்பரேட் வீடியோ வரை கேட்கிறார்கள். விலை எப்படிச் சொல்வது? (உசிலம்பட்டி வாசகர்)

சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பி விலை சொல்லாதீர்கள், தமிழில் அது ஏமாற்றும். 'ரூ.2,35,750' என்பது கணினிக் கணக்கில் ஒரே சொல். நீங்கள் வாசிக்க வேண்டியதோ 'இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்', அதாவது ஆறு சொல். நகைக்கடை, ரியல் எஸ்டேட் ஸ்கிரிப்ட் என்றால் பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். ஸ்கிரிப்ட்டை ஒரு தடவை வாய்விட்டு வாசித்து, கடிகாரம் பார்த்து, முடிந்த நிமிடத்துக்கு விலை சொல்லுங்கள்.

அப்புறம், எங்கே ஒலிக்கப் போகிறது என்று கேளுங்கள். மாசி வீதிகளைச் சுற்றும் ஆட்டோவில் பத்து நாள் ஓடுவதும், டிவியில் ஒரு வருடம் ஓடுவதும் ஒரே விலையாக இருக்க முடியாது. பதிவுக் கூலி தனி, பயன்பாட்டுக் கட்டணம் தனி என்று இரண்டு வரியாக எழுதுங்கள். உங்கள் தவறென்றால் திருத்தம் இலவசம், அவர்கள் ஸ்கிரிப்ட்டை மாற்றினால் கட்டணம். இதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிட வேண்டும். பில் போட ஜோஹோ இன்வாய்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

வேலையை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பணம் தராமல் இழுக்கிறார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாததால்தான் இளக்காரமா? (வில்லாபுரம் வாசகி)

இந்த வலி எனக்கும் தெரியும். ஒரு நிறுவனம் எனக்குத் தரவேண்டிய தொகைக்கு ஏழு மாதம் அலைந்தேன். என் கையில் எழுத்தில் எதுவுமே இல்லை, போனில் பேசியது மட்டும்தான். ஜிஎஸ்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை அந்தப் பதிவு கட்டாயமில்லை.

உங்களுக்கு வேண்டியது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் வைத்து அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசுத் தளம் இருக்கிறது. வேலை எடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும், எனவே இந்த வாரமே செய்துவிடுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட ஆரம்பித்த பிறகு எனக்கு இழுத்தடிப்பு வெகுவாகக் குறைந்தது.

10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்தார்கள் என்றால் அது உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்.

ஒரு நிறுவனம் 20 மணி நேரம் தனித்தனி வாக்கியங்களை வாசிக்கச் சொல்கிறது. ஒரே தடவை பணம், நல்ல தொகை. கையெழுத்துப் போடலாமா? (கே.கே.நகர் வாசகர்)

தம்பி, ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்காமல் போடாதீர்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாக்கியங்களை மணிக்கணக்கில் வாசிக்கச் சொன்னால், அது பெரும்பாலும் செயற்கைக் குரல் செய்வதற்குத்தான். நாளை நீங்கள் பேசாத விளம்பரத்திலும், நீங்கள் ஏற்காத அரசியல் பிரச்சாரத்திலும் உங்கள் குரல் கேட்கலாம். உங்கள் பழைய வாடிக்கையாளருக்கே அதைக் குறைந்த விலைக்கு விற்கவும் செய்யலாம்.

சட்டம் நமக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்பவரை விளக்கும்போது நடிகர், பாடகர் என்று தொடங்கி வித்தை காட்டுபவர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை சொல்லி, நிகழ்த்தும் வேறு எவரையும் சேர்த்துக்கொள்கிறது. 2012 திருத்தம் அந்த உரிமைகளை விரிவாக்கியது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்களை எங்கே கண்டாலும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகள் நகலெடுத்ததை எதிர்த்த வழக்கில் 2024-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஆனால் அவர் அனுமதி கொடுக்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கதை வேறு.

இனி எல்லா வேலைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இந்தப் பதிவைச் செயற்கைக் குரல் உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ பயன்படுத்தக் கூடாது.' நான் இதை பில்லின் அடியிலும் போடுகிறேன். மறுக்கிற நிறுவனத்தின் வேலையை விட்டுவிடுகிறேன்.

மதுரைப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது தடையா? (மேலூர் வாசகி)

இல்லவே இல்லை, அதை விட்டுவிடாதீர்கள். சரிசெய்ய வேண்டியது ஒன்றுதான்: நம் பக்கம் 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகிவிடுகிறது. தினமும் காலையில் ழகரம் உள்ள இருபது சொல்லைச் சத்தமாக வாசித்து, பதிவு செய்து, அன்றே கேளுங்கள். பதிவுக்கு முன் ஜிகர்தண்டா வேண்டாம், பாலும் குளிர்ச்சியும் எனக்குத் தொண்டையில் கோழை கட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மாதிரிப் பதிவான டெமோவை இரண்டாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஒன்று செய்தித் தமிழ், இன்னொன்று 'அங்கிட்டு இங்கிட்டு' என்று வாய்நிறையப் பேசும் நம் தமிழ். பெயர், ஊர் என்று அறிமுகம் சொல்லாமல் இரண்டையும் நேரே வாசிப்பிலேயே தொடங்குங்கள். தேர்வு செய்பவர்கள் பத்து நொடிதான் கேட்பார்கள்.